பூட்டி வைத்த ஐந்தாவது புத்தகம்

போன மாதம் வீட்டில் என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டார்கள். பிராது கொடுத்தவள் என் அண்ணன் மகள். வயது பத்து, ஐந்தாம் வகுப்பு. சாட்சிகள் மூவர்: என் அண்ணன், அண்ணி, அம்மா. குற்றம் என்ன தெரியுமா? ஒரு புத்தகத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டியது!

"பிள்ளைங்க புத்தகத்தையே தொடறதில்லே, எந்நேரமும் செல்போனும் கையுமா இருக்குதுங்கன்னு பத்திரிகையிலே எழுதறவ நீ. தொட்ட பிள்ளைகிட்டேயிருந்து பிடுங்கி வைக்கிறவளும் நீ. இது எந்த ஊரு நியாயம்?" என்றாள் அம்மா.

நியாயத்தை உங்களிடமே விட்டுவிடுகிறேன், நேயர்களே. முழுவதையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

அந்தப் பெண்ணின் பிறந்த நாளுக்கு அவளுடைய தாய்மாமன் ஓர் அட்டைப்பெட்டி அனுப்பியிருந்தார். உள்ளே ஹாரி பாட்டர் புத்தகங்கள், ஒன்று முதல் ஏழு வரை, புதுக் காகித வாசனையோடு. பரீட்சை முடிந்த சமயம். ஒரு கையில் சோற்றுத் தட்டு, ஒரு கையில் புத்தகம் என்று உட்கார்ந்தவள், பன்னிரண்டாம் நாள் நான்கு புத்தகங்களைத் தீர்த்துவிட்டாள். ஐந்தாவதற்குக் கை நீட்டியபோதுதான் நான் குறுக்கே பாய்ந்தேன். ஐந்து, ஆறு, ஏழு மூன்றையும் உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டேன்.

ஹாரி பாட்டர் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் இன்று அபூர்வம். ஆனாலும் 'ஏதோ மாயாஜாலப் படம்' என்ற அளவில் நிறுத்திக்கொண்டவர்கள் உங்களில் சிலர் இருக்கலாம். அவர்களுக்காக இரண்டு வார்த்தை. தாய் தந்தை இல்லாத ஒரு பையன். பெரியம்மா வீட்டில், மாடிப்படிக்கு அடியிலுள்ள பொந்தில் படுத்து வளர்கிறான். பதினோராவது பிறந்த நாளன்று, தான் ஒரு மந்திரவாதி என்பதும், மந்திரவாதிகளுக்கென்றே ஒரு பள்ளிக்கூடம் இருப்பதும் அவனுக்குத் தெரியவருகிறது. லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் ஒன்பதே முக்காலாம் நம்பர் பிளாட்பாரத்தில் ரயில் ஏறிப் பள்ளிக்கூடம் போகிறான். ஏழு வருஷத்துக்கு ஏழு புத்தகம். அவனுடைய பெற்றோரைக் கொன்றவன் வருஷத்துக்கு வருஷம் பலம் பெற்று வருகிறான். இவ்வளவுதான் கதை. 'இவ்வளவுதான்' என்று நான் எழுதியது என் மருமகள் கண்ணில் பட்டால் இன்னொரு பிராது தயார்.

இதை எழுதிய ஜே. கே. ரௌலிங் அம்மையாருக்குக் கதை உதித்ததும் ரயிலில்தான். 1990-இல் மான்செஸ்டரிலிருந்து லண்டன் போகும் வண்டி தாமதமாயிற்று. ஜன்னல் ஓரம் சும்மா உட்கார்ந்திருந்தபோது பையன் மனத்துக்குள் வந்து நின்றான். எழுதிக்கொள்ளப் பேனாகூட இல்லையாம்! பிற்பாடு எடின்பரோ நகரத்துக் காப்பிக் கடைகளில், கைக்குழந்தையைத் தூங்கப் போட்டுவிட்டு எழுதினார். பன்னிரண்டு பதிப்பகத்தார் திருப்பி அனுப்பினார்கள். (எங்கள் ஆபீஸில் கதைகளைத் திருப்பி அனுப்பும் உதவி ஆசிரியருக்கு இந்தச் செய்தியைச் சொன்னால் மட்டும் இருமல் வந்துவிடுகிறது.) கடைசியில் ப்ளூம்ஸ்பரி பதிப்பகம் 1997 ஜூன் 26-ஆம் தேதி முதல் புத்தகத்தை வெளியிட்டது. கெட்டி அட்டையில் போட்டவை 500 பிரதிகள்தான். பெண் பெயரைப் பார்த்தால் பையன்கள் தொடமாட்டார்களோ என்று பதிப்பகத்தாருக்கு ஒரு பயம். அதனால்தான் அம்மையாரின் பெயர் வெறும் முதலெழுத்துக்களாகச் சுருங்கியது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். குழந்தைகளுக்கான தொடர்களில் பெரும்பாலும் யாருக்கும் வயது ஏறுவதே இல்லை. எனிட் பிளைட்டனின் 'ஃபேமஸ் ஃபைவ்' புத்தகங்கள் 1942 முதல் 1963 வரை இருபத்தொன்று வந்தன. எத்தனை கோடை விடுமுறை கழிந்தாலும் அந்தப் பிள்ளைகள் பிள்ளைகளாகவே இருந்தார்கள். நாய்க்குக்கூட நரை தட்டவில்லை. ஹாரி அப்படியல்ல. புத்தகத்துக்குப் புத்தகம் ஒரு வயது ஏறும். அவனோடு கூடவே கோபம் ஏறும், சந்தேகம் ஏறும், பக்கங்களும் ஏறும். இங்கிலாந்துப் பதிப்பில் முதல் புத்தகம் 223 பக்கம். ஐந்தாவது 766 பக்கம். பதினோரு வயதுப் பையனுக்காக எழுதியதை ஒருவர் பதினைந்து வயதுப் பையனுக்காகவும் எழுதிக்கொண்டே போனார். எங்கள் தலைமுறை இதைச் சுடச்சுட அனுபவித்தது. புத்தகங்கள் விட்டு விட்டு வந்தன. அவனுக்கு மீசை அரும்பியபோது படிக்கிறவனுக்கும் அரும்பியது.

நான் பிறந்தது 1989-இல். சினிமாவில் ஹாரியாக நடித்த டேனியல் ராட்க்ளிஃபும் அதே வருஷத்துப் பிள்ளை. இதில் எனக்கு ஓர் அற்பப் பெருமை. ஊர் திருச்சி, பொன்மலை. அப்பா ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். ஊட்டி மலை ரயிலின் நீராவி எஞ்ஜின்கள் வைத்தியத்துக்கு எங்கள் ஊருக்குத்தான் வரும். ஆகையால் அப்பாவுக்கு எஞ்ஜின்கள் என்றால் பெற்ற பிள்ளைகள் மாதிரி. எங்களைவிடக் கொஞ்சம் ஒசத்தி என்றே சொல்லலாம்.

2000-ஆம் வருஷக் கடைசியில், ஒரு வாடகைப் புத்தகக் கடையிலிருந்து மேலட்டை கிழிந்த முதல் புத்தகத்தை அவர்தான் கொண்டுவந்தார். "அட்டையில ரயில் படம் போட்டிருந்துச்சு, எடுத்தாந்தேன்" என்றார். அவருக்கு இங்கிலீஷ் தட்டுத் தடுமாறித்தான் வரும். நான் படித்து, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தமிழில் கதை சொல்ல வேண்டும். அது எங்களுக்குள் ஒப்பந்தம். ஒன்பதே முக்காலாம் பிளாட்பாரத்தைச் சொன்ன அன்று அப்பா சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"பிளாட்பாரத்துல ஏது பாப்பா முக்கால்? எங்க ரயில்வேயில முக்கா மணி லேட்டுதான் உண்டு!"

நான்கு புத்தகங்களும் அப்போதே வந்துவிட்டிருந்தன. சில மாதங்களில் முடித்துவிட்டேன். பிறகு ஆரம்பித்தது காத்திருப்பு. அப்பப்பா! நான்காவது வந்தது 2000 ஜூலையில். ஐந்தாவதோ இதோ அதோ என்று இழுத்துக்கொண்டே போயிற்று. உலகம் பூராவும் பிள்ளைகள் தவித்தார்கள். 2002-இல் சீனாவில் யாரோ பொறுக்கமாட்டாமல் ஒரு பொய்யான ஐந்தாம் புத்தகத்தையே அச்சுப் போட்டு விற்றுவிட்டார்கள். உள்ளே பார்த்தால், டோல்கீன் என்ற இன்னொரு ஆசிரியரின் பழைய கதை, பெயர்களை மாற்றிப் போட்டிருந்தது! இங்கிலாந்தில் இதற்கு முன்பே, 1999-இல், மூன்றாவது புத்தகத்தைச் சாயங்காலம் 3.45 மணிக்குத்தான் விற்க ஆரம்பித்தார்கள். காலையில் விற்றால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிடும் என்ற முன்யோசனை.

என் தவிப்பை வீட்டில் புரிந்துகொண்டவர் ஒருவர்தான். அப்பாவைப் பெற்ற அப்பாயி. 1950 அக்டோபரில் 'கல்கி' பத்திரிகையில் பொன்னியின் செல்வன் ஆரம்பமானபோது அவருக்குப் பதினான்கு வயது. 1954-இல் கதை முடிவதற்குள் கல்யாணம் ஆகி, புகுந்த வீட்டுக்கும் வந்துவிட்டார். "வந்தியத்தேவன் குதிரை மேல கிளம்பினப்போ நான் பாவாடை கட்டியிருந்தேன். கதை முடியறப்போ இடுப்புல புள்ள" என்பார். புகுந்த வீட்டில் பத்திரிகை வாங்குவதில்லை. நாலாவது வீட்டு அம்மாள் படித்து முடிக்கும்வரை திண்ணையில் காத்திருந்து வாங்கி வருவாராம். அந்தத் திண்ணைக் கதையைச் சொல்லிவிட்டு, "அலையாதே. வர்ற வாரம் வந்தே தீரும்" என்று என் தலையைத் தடவுவார். எனக்கு வரவேண்டியது வாரம் இல்லை, வருஷம் என்பதை அவருக்கு விளங்கவைக்க முடியவில்லை.

2002 கோடையில் முதல் படம் திருச்சிக்கு வந்தது. அப்பா அழைத்துப் போனார். பையனையும் பார்க்கவில்லை, மந்திரத்தையும் பார்க்கவில்லை; எஞ்ஜினைத்தான் பார்த்தார். வெளியே வந்ததும், "நல்ல எஞ்ஜின். ஆனா அந்தச் சிவப்பு அதோட பிறவி நிறம் இல்லே பாப்பா, என்னமோ ஒட்டலே" என்றார். வெகுநாள் கழித்துத் தெரிந்துகொண்டேன். அது 1937-இல் ஸ்விண்டனில் கட்டிய 'ஓல்டன் ஹால்' என்ற எஞ்ஜின். அந்த ரயில்வேயின் நிறம் பச்சை. சினிமாவுக்காகச் சிவப்புப் பூசியிருந்தார்கள். அப்பாவிடம் சொல்ல முடியாமற் போன செய்திகளில் இது ஒன்று.

அன்று பஸ்ஸில் வரும்போது, "அஞ்சாவது புஸ்தகம் வரட்டும். வாடகைக்கு வேணாம். சொந்தமா வாங்கித் தர்றேன்" என்றார்.

அந்த ஐப்பசியில் அப்பாவுக்கு மாரடைப்பு. ஆஸ்பத்திரியில் மூன்று நாள். மூன்றாம் நாள் விடியற்காலை அண்ணன் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே கடைக்குப் போயிருந்தான். அம்மா வராந்தாவில் கண்ணயர்ந்திருந்தாள். கட்டில் பக்கத்தில் இருந்தவள் நான் ஒருத்திதான். இதற்கு மேல் இதைப் பற்றி எழுதப் போவதில்லை.

அடுத்த வருஷம் ஜூன் 21-ஆம் தேதி ஐந்தாவது புத்தகம் வெளிவந்தது. பத்திரிகையில் பார்த்தேன்; மடித்து வைத்துவிட்டேன். வீடு இருந்த நிலையில் கேட்க வாய் வரவில்லை. நாலைந்து நாள் கழித்துப் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், சமையலறை மேடை மேல் செங்கல் கனத்துக்கு ஒரு பை. அம்மாவுக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லையாம். "ரயில்ல ஏறிப் பள்ளிக்கூடம் போற பையன் புஸ்தகம்" என்று கேட்டிருக்கிறாள். கடைக்காரர் தவறாமல் எடுத்துக் கொடுத்திருக்கிறார். விலையை நான் பார்க்காமல் இருக்க, சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டாள். "அப்பா சொல்லியிருந்தாரில்லே" என்றதோடு சரி.

இனி நான் பூட்டியதற்குக் காரணம்.

ஐந்தாவது புத்தகத்தில் ஹாரிக்குப் பதினைந்து வயது. நான்காவதின் முடிவில் அவன் கண்ணெதிரே ஒரு மாணவன் கொல்லப்பட்டிருக்கிறான். (கதையைச் சொல்லிவிட்டேன் என்று கோபிக்காதீர்கள், வெளிவந்து கால் நூற்றாண்டு ஆகிறது.) பையன் சொல்வதை ஊர் நம்பவில்லை. நம்ப வேண்டிய பெரியவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதனால் புத்தகம் பூராவும் கத்துகிறான். நண்பர்களிடம் கத்துகிறான், நல்லது சொன்னவர்களிடமும் கத்துகிறான். 'இந்தப் புத்தகத்தில் இவன் சகிக்கவில்லை' என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்போது பதினான்கு வயது. அந்த வருஷம் டிபன் டப்பாவில் எலுமிச்சம் சாதம் வைத்ததற்காக அம்மாவிடம் தெருவே கேட்கும்படி கத்தியவள் நான். எலுமிச்சம் சாதத்தில் ஒரு குறையும் இல்லை. புத்தகத்தைப் படித்தபோது, 'அட, இப்படிக் கத்துகிறவன் நான் மட்டுமில்லை போலிருக்கிறதே!' என்று தோன்றியது.

பிறகு அந்தக் குதிரைகள். ஸ்டேஷனிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும் வண்டிகள் முந்தைய புத்தகங்களில் தாமாகவே ஓடும். ஐந்தாவதில் ஹாரி பார்க்கிறான்: வண்டிகளில் குதிரைகள் பூட்டியிருக்கின்றன. எலும்பும் தோலுமாக, கறுப்பாக, இறக்கையோடு. பக்கத்தில் நிற்கும் நண்பர்களுக்குத் தெரியவில்லை. தனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டதோ என்று மிரள்கிறான். லூனா என்ற ஒரு விசித்திரமான பெண் மட்டும், 'எனக்கும் தெரிகிறது' என்கிறாள். ஒன்பது வயதில் தாயை இழந்தவள் அவள். மரணத்தைக் கண்ணால் கண்டவர்களுக்குத்தான் அந்தக் குதிரைகள் புலப்படும் என்று பிற்பாடு தெரிகிறது.

நான் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொல்லைப்புறம் போய் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரி விடியற்காலைக்குப் பிறகு, என் வகுப்புப் பெண்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. அதற்குப் பெயர் இல்லை. யாரிடமும் சொல்லவும் வரவில்லை. எங்கோ இருக்கும் ஒரு சீமாட்டி அதற்கு இறக்கை வைத்துக் குதிரையாக நிறுத்தியிருந்தாள். ரௌலிங் அம்மையாரின் தாயார் 1990 டிசம்பரில், 45 வயதில் காலமானார். ஹாரி பாட்டர் என்று ஒரு கதையை மகள் எழுதிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியவே தெரியாது. இதையும் பிற்பாடு படித்துத்தான் அறிந்தேன்.

ஆறாவது 2005-இல் வந்தது. ஏழாவது 2007 ஜூலை 21-இல். கடைசிப் புத்தகம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மட்டும் முதல் 24 மணி நேரத்தில் ஒரு கோடிப் பத்து லட்சம் பிரதி போயிற்று. ஐந்நூறில் ஆரம்பித்த கதை! நான் அப்போது கல்லூரி முதல் வருஷம். படித்து முடித்ததும் வீட்டுக்கு வந்து அப்பாயிக்கு முடிவைச் சொன்னேன். ஸ்நேப் என்று ஒரு வாத்தியார், கதை பூராவும் முறைத்துக்கொண்டே திரிவார். அவர் நல்லவரா கெட்டவரா என்று உலகமே இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்த காலம். "முறைக்கிற வாத்தியார் கெட்டவரா இருக்க மாட்டாரு. எங்க ஆழ்வார்க்கடியானையும் முதல்ல சந்தேகப்பட்டோம்" என்று அப்பாயி எப்போதோ தீர்ப்புச் சொல்லியிருந்தார். முடிவைக் கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். ஒரு வாரத்துக்கு எங்களால் அவரோடு வாதாட முடியவில்லை.

ஆக, ஐந்தாவது புத்தகத்தைப் பத்து வயதில் படித்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அதுதான் என் கவலை. எனக்கு எழுநூற்றுச் சொச்சம் பக்கமும் தேவைப்பட்டன. அவளுக்கு அது வெறும் தடித்த புத்தகமாகப் போய்விடுமே என்று அடித்துக்கொண்டது. பதினான்கு வயது வரட்டும் என்று சாவியை எடுத்து வைத்தேன்.

அண்ணன் அதிகம் பேசாதவன். அன்று மட்டும் கேட்டான்: "நீ முதல் நாலையும் எப்படிப் படிச்சே? வருஷத்துக்கு ஒண்ணாவா?"

எனக்குப் பதில் இல்லை. ஒரே மூச்சில்தான் படித்தேன். காத்திருந்தது என் சாமர்த்தியமா? அம்மையார் எழுதி முடிக்கவில்லை, காத்திருந்தேன். அச்சாகிப் பெட்டியில் இருப்பதைப் பூட்டி வைப்பதும், எழுதாததற்குக் காத்திருப்பதும் ஒன்றாகுமா? தவிரவும், யாருக்கு எந்த வயதில் எந்தப் புத்தகம் தேவைப்படும் என்று யார் கண்டது? எனக்குப் பதினான்கு என்று நான் குறித்து வைத்திருந்தேனா?

ஐந்தாவதை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். ஒன்பது நாள் ஆயிற்று.

"ஏன் அத்தை, இந்தப் பையன் எதுக்கெடுத்தாலும் இப்படிக் கத்தறான்? போர் அடிக்குது" என்று நான்காம் நாள் வந்து சொன்னாள். பார்த்தீர்களா, நான் சொன்னேனே! வாயைத் திறக்காமல் இருந்தேன்.

முடித்த அன்று ராத்திரி என் படுக்கைக்கு வந்து ஒண்டிக்கொண்டாள்.

"அத்தை, தாத்தா செத்துப் போனப்போ நீங்க பக்கத்துல இருந்தீங்கன்னு பாட்டி சொன்னாங்க."

"ஆமாம்."

"அப்போ உங்களுக்கு அந்தக் குதிரை தெரியுமா?"

"தெரியும்."

சற்று நேரம் யோசித்தாள். "அப்பாவுக்கு?"

"உங்கப்பா அப்போ மருந்து வாங்கக் கீழே போயிருந்தாரு. திரும்பி வர்றதுக்குள்ளே ஆயிடுச்சு."

"அய்யோ, பாவம் அப்பா" என்றாள்.

இருபது வருஷத்துக்கு மேலாக எனக்கு நேர்ந்ததைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கையில் மருந்துப் பொட்டலத்தோடு மாடிப்படி ஏறி வந்த பதினாறு வயதுப் பையனைப் பற்றி ஒரு நாளும் நினைத்ததில்லை. அவள் எழுந்து பக்கத்து அறைக்குப் போய், தூங்கிக்கொண்டிருந்த அண்ணன் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே வந்து நின்றாள், ஆறாவது வேண்டும் என்று. சாவியைக் கொடுத்துவிட்டேன்.